யந்திரமும் ஒரு மதிப்புரையும்

நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் இரண்டு நாள் உயிர்பெறவில்லை. இதைச் சொல்ல ஒரு இலக்கியப் பத்திரிகையில் இடம் கேட்பது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் என் விமர்சனத்தைப் பற்றிய ஒரு சங்கடமான விஷயம் அந்த இரண்டு நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ரிச்சி தெருவுக்குப் போய் மதர்போர்டு, பிராசஸர், இரண்டு துண்டுகளாக 32 ஜிபி டிடிஆர்5 ரேம், பவர் சப்ளை, கேபினட் எல்லாம் வாங்கி வந்தேன். மாலைக்குள் திருகி முடித்தாயிற்று. பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றின. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. தொடங்கும் வேளையில் யந்திரம் எந்தப் பாகத்தில் நின்றுகொண்டிருக்கிறதோ அதற்குரிய விளக்கு எரியும். எரிந்தது ரேமின் விளக்கு.

நான் வங்கி குமாஸ்தா. கணக்கு உதைத்தால் வித்தியாசத்தை முதலில் 9ஆல் வகுத்துப் பார் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5400 என்பதை 4500 என்று எழுதியிருப்போம். வித்தியாசத்தின் சரிபாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் அகப்பட்டால், பற்று வரவுப் பக்கத்தில் விழுந்திருக்கும். பிழை எங்கோ இருக்கிறது, பிடித்துவிட வேண்டும் என்பதே என் பகல்நேர மனசு. இரவில் மதிப்புரை எழுத உட்காரும்போதும் அதே மனசுதான் உட்காருகிறது.

அந்த மனசோடு யந்திரத்தை அணுகினேன். ஒரு ரேமைக் கழற்றினேன். மற்றதை இடம் மாற்றினேன். பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 முனை ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அணைத்தேன். பழைய அமைப்புகள் அழியட்டும் என்று வட்ட பேட்டரியையும் எடுத்துப் போட்டேன். அதே விளக்கு. ரேம் பழுது என்று தீர்மானித்து ஞாயிற்றுக்கிழமை கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“எவ்ளோ நேரம் ஆன்ல வெச்சிருந்தீங்க சார்?”

“ஒரு நிமிஷம்.”

“அணைக்காம வுட்டுட்டு, போயி சாப்பிட்டு வாங்க சார்.”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தபோது திரையில் எழுத்துக்கள் இருந்தன.

நடந்தது இதுதான். இந்த ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையில் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 600 கோடி தடவை செய்தி மாறுகிறது. ஒரு செய்திக்குக் கிடைக்கும் அவகாசத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் போகும். எனவே முதல் தடவை தொடங்கும்போது பிராசஸர், தனக்கு முன்பே தெரிந்த வடிவங்களை ரேமில் எழுதித் திரும்பப் படிக்கிறது. தப்பாக வந்தால் நேரத்தைச் சிறிது தள்ளி மறுபடி படிக்கிறது. சரியாகக் கேட்கும்வரை இதே வேலை. இதற்குச் சில நிமிஷங்கள் ஆகலாம். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. கற்றதைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த தடவை இவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. நான் அணைத்தபோதெல்லாம் அது பாதிப் பாடத்தில் நின்றது. பேட்டரியை எடுத்தது சிலேட்டைத் துடைத்த மாதிரி. இரண்டு நாளும் பழுது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கைவேலையைத்தான்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு இளைஞரின் முதல் கவிதைத் தொகுதிக்கு ஒன்றரைப் பக்கம் மதிப்புரை எழுதினேன். உரைநடையை உடைத்துப் போட்டிருக்கிறார் என்பது அதன் சாரம். கவிதைகளை நான் படித்த விதமும் யந்திரத்தை அணைத்த விதம்தான்: பிடிபடாத இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவது. அதற்குப் பிறகு அவர் எழுதி எங்கும் நான் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பது என் முக்கியத்துவத்தை நானே உயர்த்திக்கொள்வது. இல்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

அன்றிரவு அந்தத் தொகுதியைத் தேடி எடுத்தேன். பாதிக்கு மேல் இப்போதும் எனக்குத் தேறவில்லை. ஆனால் ஐந்தாறு கவிதைகளில் அவர் வரியை முறிக்கும் இடம், சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கி ஒருவர் மூச்சு வாங்கும் இடம். நான்காம் முறை படிக்கும்போதுதான் அது என் காதில் விழுந்தது.

காத்திருந்தால் எல்லாம் கவிதையாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கால் மணிக்கு மேலாகியும் திரை இருட்டாகவே இருந்தால் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். செத்த ரேம் செத்த ரேம்தான். சங்கடம் என்னவென்றால், கற்றுக்கொண்டிருக்கும் ரேமுக்கும் செத்த ரேமுக்கும் முதல் நிமிஷத்தில் ஒரே விளக்குத்தான் எரிகிறது.

அந்த மதிப்புரை வந்ததும் இதைப்போன்ற ஒரு சிறுபத்திரிகையில்தான். அதை எழுதியபோது தொகுதியில் ஒரு கவிதையைக்கூட நான் இரண்டாம் முறை படித்திருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவருக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.