க்ரோனோஸில் கணக்கு எழுதுவது யார்?

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரை விண்வெளிக் கப்பல், வாள், ரத்தம் என்றுதான் ஆரம்பிக்கும். ஆனால் எப்படியும் ஒரு கணக்கு நோட்டில் போய்த்தான் முடியும். பி.காம். படிப்பவளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கிளிங்கான்கள்!

'ஸ்டார் ட்ரெக்' பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்காக: நெற்றி முழுக்க எலும்பு மேடு, நீள முடி, முரட்டுக் குரல், கையில் பாட்லெத் என்ற பிறை மாதிரி வளைந்த வாள். உயிரோடு நெளியும் புழுக்களைத் தின்று ரத்த ஒயின் குடிப்பார்கள். சண்டையில் செத்தால் சொர்க்கம், படுக்கையில் செத்தால் அவமானம். எங்கள் பெரியப்பா பையன்தான் எனக்கு இவர்களை அறிமுகப்படுத்தினான். "நீ ஒரு எபிசோட் பாரு, அப்புறம் நிறுத்த மாட்டே" என்றான். நிறுத்தவில்லை. அந்த வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் என் மார்க் என்ன ஆச்சு என்பது தனிக்கதை.

இவர்கள் முதன்முதலில் வந்தது 1967-ல். அப்போது நெற்றி மேடெல்லாம் கிடையாது. கறுப்பு மையும் ஒட்டு மீசையும் வைத்துச் சமாளித்திருந்தார்கள். 1979-ல் சினிமாவாக எடுத்தபோது கையில் காசு இருந்ததால் நெற்றி வந்தது. அதாவது ஒரு இனத்தின் முகத்தையே மேக்கப் பட்ஜெட் மாற்றிவிட்டது! கதைக்குள்ளே இதற்கு ஒரு காரணம் சொல்ல அவர்களுக்கு 2005 வரை ஆனது.

1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர் இவர்களுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியையே செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் அகராதியும் வந்தது. அதில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில் வரும். 'எதிரியைக் கொன்றான் வீரன்' என்கிற மாதிரி. இன்னொரு விசேஷம், அந்த மொழியில் வணக்கம் சொல்ல வார்த்தை கிடையாது. எதிரில் ஆள் வந்தால் 'நுக்நெஹ்' என்பார்கள். அர்த்தம்: 'என்ன வேணும்?'

எங்கப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் யார் நுழைந்தாலும் தலையைத் தூக்காமல் அவர் கேட்பதும் இதேதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இவர்களுடைய சொந்த கிரகத்தின் பெயர் க்ரோனோஸ். ரொம்ப நாள் அதற்குப் பெயரே இல்லை, வெறும் 'தாய்க்கிரகம்'தான். 1991 டிசம்பரில் வந்த ஆறாவது படத்தில்தான் பெயர் வைத்தார்கள். அந்தக் கிரகத்தை முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தேகம் ரொம்பச் சாதாரணமானது. இங்கே எல்லோருமே வீரர்கள் என்றால் வயலில் வேலை செய்வது யார்? டாய்லெட் கட்டுவது யார்? சம்பளப் பட்டியல் போடுவது யார்? சிரிக்காதீங்க. ஒரு ஊருக்குப் போனால் அங்கே கடைத்தெரு எங்கே என்று பார்ப்பதுதான் என் பழக்கம். க்ரோனோஸில் காட்டுவதெல்லாம் தீப்பந்தம் எரியும் மன்றமும், அதில் கத்திக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்களும்தான்.

இந்தக் கேள்விக்கு 2003-ல் வந்த ஒரு எபிசோடில் பதில் இருக்கிறது. கோலோஸ் என்ற வயதான கிளிங்கான் வக்கீல் ஒருத்தர் வருவார். தன் அப்பா ஆசிரியர், அம்மா உயிரியல் படித்தவர் என்று சொல்வார். வீரர்கள் என்பது பல பிரிவுகளில் ஒன்றாக மட்டும் இருந்த காலம் அது. இப்போது பிள்ளைகள் ஆயுதத்தைத் தூக்க முடிந்த வயதிலேயே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று வருத்தப்படுவார். ஆக, அந்தக் கிரகத்தில் வாத்தியாரும் இருந்தார், வக்கீலும் இருந்தார். அவர்களுக்கு மரியாதை மட்டும்தான் இல்லாமல் போயிருக்கிறது.

மரியாதை இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த 1991 படம் காட்டுகிறது. பிராக்சிஸ் என்பது க்ரோனோஸின் நிலவு. அவர்களுக்கு எரிசக்தி முக்கியமாக அங்கிருந்துதான் வருகிறது. அளவில்லாமல் தோண்டி, பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டதில் ஒருநாள் அது வெடித்துவிடுகிறது. 50 வருஷத்தில் மூச்சுவிடக் காற்று இருக்காது என்கிற நிலைமை. கிரகத்தைக் காப்பாற்றப் பணம் வேண்டும். பணமெல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது! எகனாமிக்ஸ் முதல் வருஷத்தில் துப்பாக்கியா வெண்ணெயா என்று ஒரு கோடு போட்டுச் சொல்லித் தருவார்களே, அதே பாடம். பல வருஷமாகத் துப்பாக்கி மட்டுமே வாங்கியவர்கள் கடைசியில் எதிரியிடமே சமாதானம் பேசப் போகிறார்கள். செர்னோபிலில் 1986-ல் அணு உலை வெடித்ததையும் சோவியத் யூனியனையும் மனதில் வைத்து எடுத்த படம் இது. படம் வெளிவந்த அதே மாசக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. எனக்கு நிஜமாகவே பிடித்தது 1994-ல் வந்த ஒரு எபிசோட். பெயர் 'ஹவுஸ் ஆஃப் க்வார்க்'.

க்வார்க் என்பவன் ஃபெரெங்கி இனத்தவன். அவர்களுக்கு லாபம்தான் மதம். ஒரு விண்வெளி நிலையத்தில் மதுக்கடை வைத்திருக்கிறான். அங்கே குடித்துவிட்டு அவனை அடிக்க வந்த கோசாக் என்ற கிளிங்கான், கால் தடுமாறித் தன் கத்தி மேலேயே விழுந்து செத்துவிடுகிறான். 'நான்தான் கொன்றேன்' என்று பீற்றிக்கொண்டால் கூட்டம் வருமே என்று க்வார்க் பொய் சொல்கிறான். கூட்டமும் வருகிறது. கூடவே கோசாக்கின் மனைவி க்ரில்காவும் வருகிறாள். அவனை க்ரோனோஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயத் தாலி கட்டாத குறையாகக் கல்யாணமே செய்துகொள்கிறாள்! காரணம், ஆண் வாரிசு இல்லாத குடும்பத்துக்குப் பெண் தலைமை ஏற்க அங்கே சட்டம் இடம் கொடுக்காது. விட்டால் டி'கோர் என்ற எதிரி அவர்களுடைய நிலம், சொத்து எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்வான்.

க்வார்க்குக்கு வாள் பிடிக்கத் தெரியாது. அவன் கேட்பது ஒன்றே ஒன்று, அந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. க்ரில்காவுக்குக் கோபம் வருகிறது. கணக்குப் பார்ப்பது அவர்களுக்குக் கேவலம். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் உண்மை தெரிகிறது. டி'கோர் பல வருஷமாக அந்தக் குடும்பத்தைப் பணத்தாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் அழித்துக்கொண்டிருந்திருக்கிறான். கத்தியால் குத்தியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். கணக்கில் குத்தியதால் யாரும் பார்க்கவில்லை. பார்ப்பது கேவலமாயிற்றே! அப்புறம் மன்றத்தில் மீசைக்காரத் தலைவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைப் புரிந்துகொள்ள முழிக்கும் காட்சி இருக்கிறதே... எங்கள் வகுப்பில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்ட் நடத்திய அன்று எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது.

அந்த எபிசோட் பார்த்தது ஒரு தீபாவளி லீவில். அப்போது நான் செகண்ட் இயர். அதே லீவில் கடையைச் சுத்தம் செய்யும்போது, செம்புக் கம்பி வைக்கும் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு மாசமும் 5,000 ரூபாய். மொத்தம் 38 வரிகள்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஒரு ஃபைனான்ஸில் கடன் வாங்க, அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1,40,000 ரூபாய் அசல் பாக்கி இருக்கும்போது அவர் ஊரைவிட்டே போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா கட்டுகிறார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைத்த வருஷமும் அந்த நோட்டில் ஒரு மாசம்கூட விட்டுப்போகவில்லை.

"எவ்வளவு பாக்கிப்பா?"

"இன்னும் முப்பதாயிரம்ங்கறாங்க."

"நீங்க கணக்குப் பாத்தீங்களா?"

"வாக்குக் குடுத்தவன் கணக்குப் பாக்கக் கூடாதும்மா. அது அசிங்கம்."

க்ரில்கா எதிரில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது எனக்கு.

இங்கே வோர்ஃப் கதையையும் சொல்லியாக வேண்டும். மனிதர்களால் வளர்க்கப்பட்ட கிளிங்கான் அவன். 1990-ல் வந்த எபிசோடில், அவனுடைய செத்துப்போன அப்பா துரோகி என்று க்ரோனோஸ் மன்றம் தீர்ப்புச் சொல்கிறது. நிஜத் துரோகி வேறொருவன், பெரிய இடம். அது மன்றத்துக்கும் தெரியும். சொன்னால் உள்நாட்டுச் சண்டை வரும் என்று மூடி மறைக்கிறார்கள். வோர்ஃப் அந்த அவமானத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறான். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார்கள். நம் ஊரில் ஊர்விலக்கு என்பது மாதிரி. முதல் தடவை பார்த்தபோது அந்தத் தியாகத்தில் கண்கலங்கிவிட்டேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. அந்த மன்றம் செய்தது பச்சையான பொய்க்கணக்கு. மானம் மானம் என்று பேசுகிற இடத்தில் நிஜமாகவே மானமுள்ள ஒருத்தன் தலையில்தான் நஷ்டம் முழுவதையும் எழுதி வைத்தார்கள். மானமுள்ளவன் கேள்வி கேட்க மாட்டான் என்ற தைரியம்!

அப்பாவிடம் நான் சட்டம் பேசினேன். 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: கடன்காரருக்கு என்ன பொறுப்போ அதேதான் ஜாமீன்தாரருக்கும். அதைவிட அதிகமாக ஒரு ரூபாய்கூட இல்லை. "அந்த ஒரு ரூபாய் போகுதான்னு மட்டும் பாக்கலாம்ப்பா." இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒப்பந்த நகல் வாங்க மூன்று தடவை அலைந்தோம். அதில் வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம், குறைகிற அசலுக்கு மட்டும் என்று தெளிவாக இருந்தது. அவர்களோ மாசாமாசம் முழு 1,40,000-க்கும் வட்டி எடுத்திருந்தார்கள். சரியாகப் போட்டால் 37-வது மாசமே கடன் முடிந்துவிட்டது. முப்பதாயிரம் பாக்கி என்பதே கிடையாது. சினிமா மாதிரி யாரும் தலைகுனியவில்லை. ஏதேதோ செலவு என்று 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் 'பாக்கி இல்லை' என்று கடிதம் கொடுத்தார்கள். அந்த எட்டாயிரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கட்டிய பணத்தை அந்தச் சிநேகிதரிடம் கேட்டு வாங்க அப்பாவுக்கு உரிமை உண்டு, 145-வது பிரிவு என்றேன். அப்பா மாட்டேன் என்றார். "அவன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஓடினவன் சந்தோஷமா ஓடலை." வற்புறுத்தவில்லை. இந்தத் தடவை அவருக்குத் தொகை தெரியும். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் என்று தெரிந்துதான் வேண்டாம் என்கிறார். அதுவரை அவர் செய்ததை என்னால் பாவம் என்று மட்டும்தான் பார்க்க முடிந்தது. இப்போது மரியாதை வந்தது.

க்வார்க் கதையின் முடிவும் அப்படித்தான். கோசாக் செத்தது விபத்து என்பது மன்றத்தில் உடைந்துவிட, டி'கோர் சண்டைக்குக் கூப்பிடுகிறான். க்வார்க் வாளைத் தூக்கிக் கீழே போடுகிறான். என்னைக் கொல்வது சண்டை இல்லை, வெறும் கொலை. வேண்டுமானால் கொன்றுகொள் என்கிறான். டி'கோர் நிஜமாகவே வெட்டப் போகிறான். அப்போதுதான் மன்றம் முதுகைத் திருப்புகிறது, இந்தத் தடவை சரியான ஆளுக்கு. கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே தைரியமும் இருந்தது.

போன மாசம் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து அந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்குக் கடைசியில வீட்டுப் பொறுப்பைக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா. சட்டத்தையே கொஞ்சம் தளர்த்திக் குடுத்தாங்க."

"ம்" என்றார். மறுநாள் காலையில் கடைச் சாவியோடு பழைய பில் கட்டுகளையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மூன்று வருஷத்துப் பில். ஒன்றில்கூடத் தேதி இல்லை.

நுக்நெஹ்!