பாத்திரம் கழுவியவர் யார்?

பாரிசு நகரம். நள்ளிரவு. மணி பன்னிரண்டு அடிக்கிறது. வழி தெரியாமல் படிக்கட்டில் சோர்ந்து அமர்ந்திருக்கும் அமெரிக்க எழுத்தாளன் ஒருவன் முன்னால், பழங்காலத்துக் கார் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளிருப்போர் உற்சாகமாய் அழைக்கின்றனர். ஏறுகிறான். இறங்கும்போது அவன் நிற்பது 1920களில்!

வூடி ஆலன் எழுதி இயக்கி 2011இல் வெளிவந்த 'மிட்நைட் இன் பாரிஸ்' எனும் திரைப்படத்தின் கதை இப்படித்தான் சூடு பிடிக்கிறது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படம் அது. திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசையும் பின்னர் பெற்றது. காதலும் நகைச்சுவையும் கலந்த கதை. கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் கதை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் நால்வர் அமர்ந்து அதனைப் பார்த்தோம். என்னோடு பணிபுரியும் தமிழாசிரியர் புலவர் ஐயா, கணக்காசிரியராம் தோழர், வங்கியில் வேலை பார்க்கும் என் தோழி, வரலாறு சொல்லிக்கொடுக்கும் நான். மூலையில் கீரை ஆய்ந்தபடி அப்பத்தா. பார்த்தது ஒரே படம். எழுந்தபோது ஆளுக்கொரு படம் பார்த்தவர்களைப் போல் இருந்தோம்!

கதையின் நாயகன் கில், திருமணம் நிச்சயிக்கப்பட்டவன். மணப்பெண் இனெசுக்குப் பொருள் மீது நாட்டம். அவனுக்கோ பழம்பெருமை மீது மயக்கம். இரவுதோறும் அவன் 1920களுக்குச் செல்கிறான். ஹெமிங்வேயுடன் உரையாடுகிறான், பிக்காசோவைக் காண்கிறான், பிக்காசோவின் காதலி ஏட்ரியானா மீது காதல் கொள்கிறான். அவளுக்கோ தன் காலம் கசக்கிறது. 1890களே பொற்காலம் என்கிறாள். அங்கும் இருவரும் செல்கின்றனர். அங்கிருக்கும் ஓவியர்களைக் கேட்டால், மறுமலர்ச்சிக் காலமன்றோ பொற்காலம் என்று பெருமூச்சு விடுகின்றனர்! கானல் நீர், நெருங்க நெருங்க நகர்கிறது. கில் விழித்துக்கொள்கிறான், ஏட்ரியானாவோ அங்கேயே தங்கிவிடுகிறாள்.

படம் முடிந்ததும் புலவர் ஐயா கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காலம் அந்தக் காலந்தானம்மா! மனிதன் மனிதனோடு பேசினான். இன்று பேசுவது யார்?" என்றார்.

கணக்காசிரியர் பொங்கினார். "மணி அடித்தால் கார் வருமாம், கடந்த காலத்துக்குக் கொண்டுபோகுமாம்! புராணத்தில் வரும் புட்பக விமானத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பகுத்தறிவாளர் பார்க்கத்தக்கதா இது?" என்றார். நான் மறுத்தேன். புராணம் நம்பு என்கிறது. நம்பாதவனை நரகத்துக்கு அனுப்புகிறது. இக்கதையோ, இப்படி நடந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார் என்கிறது. நம்பச் சொல்வது வேறு, நினைத்துப் பார்க்கச் சொல்வது வேறு அல்லவா?

தோழியின் சினம் வேறு வகை. "நாயகன் அவளை விட்டுப் பிரிவது நியாயமென்று நாம் ஒப்ப வேண்டும்; அதற்காக இனெசைக் கொடியவளாக்கிவிட்டார்கள். ஏட்ரியானா ஆடை வடிவமைப்புக் கற்கப் பாரிசுக்கு வந்தவளாம். அவள் தைத்த ஒரு சட்டையையாவது காட்டினார்களா? யார் யாருக்குக் காதலியாயிருந்தாள் என்ற பட்டியல்தானே கிடைத்தது!" என்றாள். மூவரும் வாயடைத்தோம்.

நான் உள்ளத்தால் புலவர் ஐயா பக்கமே இருந்தேன். ஒளிவிளக்கும் இசையும் இலக்கியப் பேச்சும் என்னை மயக்கியிருந்தன. அப்போதுதான் அப்பத்தா வாய் திறந்தார். ஆங்கிலம் அறியாதவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்.

"ஏத்தா, ராத்திரிக்கு ராத்திரி விருந்து விருந்துன்னு போறாகளே, அம்புட்டுக் கிளாசையும் யாரு கழுவுனாக?"

சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆம், யார் கழுவினார்கள்? அந்தப் பொற்காலத்தின் கணக்கை அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். முதல் உலகப்போரில் பிரான்சு ஏறத்தாழ 14 இலட்சம் வீரர்களைப் பறிகொடுத்திருந்தது. போரின் கடன் சுமையால் பிராங்கு நாணயத்தின் மதிப்புச் சரிந்தது. டாலர் வைத்திருந்த அமெரிக்கனுக்குப் பாரிசு மலிவாயிற்று. அவன் நாட்டில் 1920 முதல் மதுவிலக்கு. இங்கோ மது ஆறாய் ஓடிற்று. அமெரிக்க எழுத்தாளர் கூட்டம் அங்குக் குவிந்ததற்குக் கலைத்தாகம் ஒரு காரணம். நாணயச் சரிவு மற்றொரு காரணம். ஒருவர் வீட்டு வறுமை மற்றவர் வீட்டு விருந்தாயிற்று!

பெண்கள் நிலை என்ன? பிரான்சில் பெண்ணுக்கு வாக்குரிமை கிட்டியது 1944இல்தான். நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்திலோ, சொத்துடையோர்க்கு மட்டும் என்ற வரம்போடேனும், 1921லேயே அது கிட்டிவிட்டது. ஏட்ரியானா தன் காலத்தைக் கசந்தாள் என்றால், கசக்கக் காரணம் இருந்தது. ஆனால் அவள் முன்னே செல்லவில்லை, பின்னே சென்றாள். அதுவன்றோ அவலம்!

தொழிலாளி நிலை? பிரான்சில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1919இல் வந்தது. அதே பிரான்சின் கொடி பறந்த நம் புதுவையில் ஆலைத் தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. அதனைக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1936 சூலை 30 அன்று துப்பாக்கி சுட்டது. 12 பேர் மாண்டனர். அதன் பிறகே இங்குச் சட்டம் வந்தது. பாரிசின் விளக்கொளி புதுவை வரை எட்டவில்லை. துப்பாக்கியின் குண்டு எட்டியது!

இவற்றையெல்லாம் ஒரு நகைச்சுவைப் படம் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். தொற்று நோய்க்கு மருந்தில்லாத காலம் அது என்று கில் உணரும் இடத்தில் படம் பாதி உண்மையைச் சொல்லியும் விடுகிறது. எஞ்சிய பாதியைக் கேட்க வேண்டியவர் பார்வையாளர். கேட்டவர் எங்கள் அப்பத்தா.

அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பில் சோழர் காலம் பாடம். பொற்காலம் என்று எழுதிவிட்டு மாணவரை நோக்கி, "அந்தக் காலத்துக்குப் போனால் நீங்கள் யாராக இருப்பீர்கள்?" என்றேன். மன்னன் என்றான் ஒருவன். படைத்தலைவன் என்றான் இன்னொருவன். இளவரசி என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "என்னை உள்ளேயே விடமாட்டாங்க டீச்சர்" என்று சொல்லி அமர்ந்தாள்.

என் கையில் சுண்ணக்கட்டி நின்றுவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' என்ற சொல் இருக்கிறது. கற்றிருந்தேன், கற்பிக்கவில்லை. அன்று கரும்பலகையில் அச்சொல்லை எழுதினேன். கோயில் கோபுரத்தின் உயரத்தைச் சொன்ன அதே வாயால், கோபுரத்தின் நிழலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சொன்னேன். பாடம் முடியும்வரை கடைசி வரிசைப் பெண் தலை நிமிர்ந்திருந்தாள்.

தோழர்களே! நம் மேடைகளிலும் பழம்பெருமை முழங்குகிறது. முழங்கட்டும். பழந்தமிழைப் போற்றுவது பிழையன்று. பாரிசில் விருந்து நடந்த அதே 1920களில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவையில் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றியவர் பாரதிதாசன். தமிழின் தொன்மையைப் பாடியவர் அவர்; கைம்பெண் மறுமணத்தையும் பெண் கல்வியையும் பாடியவரும் அவரே. பழமை அவருக்குக் குடியிருக்கும் வீடாக இல்லை. வேலைக்குக் கிளம்பும் வாசலாக இருந்தது.

ஆகவே, எவரேனும் பொற்காலம் என்று சொன்னால், அது பாரிசானாலும் தஞ்சையானாலும், அப்பத்தாவின் கேள்வியைக் கேளுங்கள். பாத்திரம் கழுவியவர் யார் என்று கேளுங்கள். கழுவியவரும் பந்தியில் அமர்ந்து உண்ணும் காலம் கடந்த காலத்தில் இல்லை. நள்ளிரவில் எந்தக் காரும் வந்து நம்மை அங்கு ஏற்றிச் செல்லாது. நடந்துதான் போக வேண்டும்.

அன்று விருந்தினர் சென்றபின் எங்கள் வீட்டுத் தேநீர்க் குவளைகளை யார் கழுவினார்கள் என்று கேட்கிறீர்களா? புலவர் ஐயாவும் கணக்காசிரியரும் எழுந்து சென்றுவிட்டனர். கழுவியவள் நான். அடுத்த ஞாயிறு அவர்கள் முறை என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.