ஜெர்மானியர் ஸ்நானமும் நம் தமிழும்

ஸ்ரீபெரும்பூதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கத்தில் விடியற்காலையில் சாலையோரம் நின்றால், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஓய்வதே இல்லை. ஒரகடத்தில் 2012-ஆம் வருஷம் ஏப்ரலில் திறக்கப்பட்ட ஜெர்மன் லாரித் தொழிற்சாலை மட்டும் சுமார் 400 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. இவ்வட்டாரத்துப் பிள்ளைகளில் சிலர் பயிற்சிக்காக ஜெர்மனிக்கே செல்கிறார்கள். அவ்வாறு புறப்படவிருந்த நம் பழைய மாணவர் ஒருவர், "ஸார், அங்கே குளிக்கிற இடத்தில் எப்படிப் பேச வேண்டும்?" என்று கேட்டார். மற்றவர் சிரித்தனர், நமக்கு அது தக்க கேள்வியாகவே பட்டது.

ஜெர்மானியருக்கு ஸ்நானம் பெரிய காரியம். ஊர்ப் பெயருக்கு முன் 'பாட்' என்ற சொல் நின்றால், அவ்வூர் நீராட்டத்துக்குப் பெயர்போனது என்று அறியலாம். பாடன்-பாடன் நகரத்தின் புகழ்பெற்ற ஃப்ரீட்ரிக்ஸ்பாட் மண்டபம் 1877-இல் திறக்கப்பட்டது. ஒரகடத்து லாரிகளின் பூர்விகமும் நீரூற்று ஊர்தான். காட்லீப் டெய்ம்லர் என்பார் 1880-களில் தம் எஞ்சினை உருவாக்கியது ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த கான்ஸ்டாட்டில், தோட்டத்துக் கொட்டகை ஒன்றில். தாது நீர் ஊற்றுகள் மிகுந்த அவ்விடம் இன்று 'பாட் கான்ஸ்டாட்' என வழங்குகிறது.

நம்மவரைத் திகைக்க வைப்பது 'ஸௌனா' என்னும் வெப்ப அறை. மரத்தாலான அதனுள் உஷ்ணம் 80 முதல் 100 டிகிரி வரை இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஆடவரும் பெண்டிரும் ஆடையின்றி ஒருங்கே அமர்வர். அங்கு எவரும் அதை விகாரமாக எண்ணுவதில்லை. முதலில் உடம்பைக் கழுவ வேண்டும். "வோ இஸ்ட் டீ டுஷே?" என்றால் குழாயடி எங்கே என்று பொருள். பிறகு துண்டை விரித்து அதன்மீதே அமர வேண்டும். "கைன் ஷ்வைஸ் அவுஃப்ஸ் ஹோல்ட்ஸ்", அதாவது மரத்தின்மேல் வேர்வை படலாகாது என்பது அங்கே விதி. அமருமுன், "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று இடம் காலியா எனக் கேட்பது மரியாதை. கொதிக்கும் கற்களில் ஜலம் வார்ப்பதற்கு 'அவுஃப்குஸ்' என்று பெயர். அப்போது கதவைத் திறந்தால் முகம் சுளிப்பார்கள். எண்ணெய் முழுக்கன்று பகலில் உறங்காதே என்பர் நம் பாட்டிமார். அங்கோ வெப்ப அறையை விட்டு வந்ததும் ஓய்வறையில் படுப்பதே முறை.

இனி முக்கியமான பாடம். உஷ்ணம் தாங்கவில்லையென்றால் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் நினைத்து ஜெர்மனுக்கு மாற்றுகிறவன், "இஹ் பின் ஹைஸ்" என்பான். 'நான் காமவசப்பட்டிருக்கிறேன்' என்று அதற்கு அர்த்தமாகிவிடும்! ஆடையற்றோர் நடுவே இதைவிட விபரீதம் வேண்டுமா? தமிழில் நினைப்பவனுக்கு இந்த ஆபத்து இல்லை. நாம் 'நான் சூடு' என்போமா? 'எனக்குச் சூடாயிருக்கிறது' என்கிறோம். ஜெர்மானியனும் அப்படியே "மீர் இஸ்ட் ட்ஸு ஹைஸ்" என்கிறான். 'மீர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது என்பது "மீர் இஸ்ட் கால்ட்". எனக்குத் தலை சுற்றுகிறது என்பது "மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்". இந்தக் கடைசி வாக்கியத்தை உருப்போட்டே தீர வேண்டும். வெட்கப்பட்டு வாய்மூடி அமர்ந்திருப்பவன் மூர்ச்சித்து விழ நேரிடும்.

நம் பள்ளிகளில் அயல்மொழி எதுவானாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்க வேண்டும் என்றொரு எண்ணம் ஊறியிருக்கிறது. வீட்டு மொழியே சில இடங்களில் கிட்டிய வழி என்பதற்கு இந்த 'எனக்கு' ஒன்றே போதிய சாட்சி.

ஆடை களைய மனம் ஒப்பாதவர் கூசவேண்டியதில்லை. குளிக்கும் குளங்களில் நீச்சலுடை அணிவதே பொது வழக்கம், அங்கே இறங்கலாம். உடன் வேலை செய்வோர் ஸௌனாவுக்கு அழைத்தால், "நைன், டாங்கே" என்று புன்னகையோடு சொன்னால் போதும். வேண்டாம், நன்றி என்பதே அது. யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பெண்களுக்கு மட்டும் என்று 'டாமன்டாக்' நாள் ஒதுக்கும் இடங்களும் உண்டு. மண்ணூரிலிருந்து செல்லும் பிள்ளைகள் பெட்டியில் இரண்டு துண்டுகளும், நெஞ்சில் இந்த நாலைந்து வாக்கியங்களும் எடுத்துச் செல்வார்களாக!