பத்து விரலுக்கு எந்தக் கருவிப்பெட்டி?

மவுஸ் மட்டும் இருந்தவரை நிரல் எழுதுபவருக்கு ஒரு வசதி இருந்தது. திரையில் ஒரே ஒரு சுட்டி, அது எங்கே கிளிக் ஆனது என்று பார்த்தால் போதும். 2006 பிப்ரவரியில் டெட் மேடையில் ஜெஃப் ஹான் இரண்டு கைகளாலும் படங்களை இழுத்து, விரித்துக் காட்டினார். அடுத்த வருடமே ஐபோன் வந்தது. அந்த வசதி போயே போச்சு!

ஒரு அருங்காட்சியகத்துக்குத் தொடுமேசை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். இரண்டு விரல்கள் விலகிப் போகின்றன. ஒருவர் படத்தைப் பெரிதாக்குகிறாரா, இல்லை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களா? ஒவ்வொரு விரலுக்கும் தொட்டதிலிருந்து எடுக்கும்வரை ஒரு எண் கொடுத்துப் பின்தொடர்ந்தால்தான் இதற்கு விடை தெரியும். இந்த வேலையை எளிதாக்குவதுதான் டூல்கிட் எனப்படும் கருவிப்பெட்டி.

இன்று கைவசம் இருப்பவற்றில் நாலு முக்கியமானவை. முதலாவது கிவி. 2011-ல் வெளியானது, பைத்தான் மொழியில் எழுதலாம், எம்.ஐ.டி. உரிமம், காசு கிடையாது. பல விரல்களை மனதில் வைத்தே பிறந்தது. தொடுமேசைகள் விரல்களின் இடத்தைத் தெரிவிக்கப் பயன்படுத்தும் டூயோ நெறிமுறையும் இதற்குப் புரியும். ஆனால் பொத்தான்களைத் தானே வரைந்துகொள்வதால், போனில் உள்ள மற்ற செயலிகளின் சாயல் தானாக வராது.

அடுத்தது க்யூட்டி. வேகமானது, பழுத்த அனுபவம் உள்ளது. பெரும்பாலான பகுதிகளை எல்ஜிபிஎல் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். உட்பட முடியாதவர்கள் வணிக உரிமம் வாங்க வேண்டும். மூன்றாவது கூகுளின் ஃப்ளட்டர். 2018 டிசம்பரில் 1.0 வந்தது. ஒரே தொடுதலுக்குப் பல சைகைகள் போட்டியிட்டால் அவற்றை மோதவிட்டு ஒன்றை ஜெயிக்கவைக்கும் ஏற்பாடு இதில் உண்டு. நாலாவது வெறும் பிரவுசர். 2015-ல் டபிள்யூ3சி பரிந்துரையான பாயின்டர் ஈவென்ட்ஸ் முறையில் மவுஸ், பேனா, விரல் மூன்றையும் ஒரே மாதிரி கையாளலாம்.

எது நல்லது என்பதைவிட, எது நிலைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. ஃப்ளாஷ் கதையைப் பாருங்கள். தொடுமேசை ஆர்வலர்கள் பலர் ஒரு காலத்தில் ஃப்ளாஷில்தான் எழுதினார்கள். 2010-ல் அதற்கு மல்டிடச் வசதியும் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கமாக எழுதினார். 2011 நவம்பரில் மொபைல் பிரவுசர்களுக்கான ஃப்ளாஷை அடோபி கைவிட்டது. 2020 இறுதியில் ஃப்ளாஷ் பிளேயர் மொத்தமாக மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டுக்கும் 2021 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. பின்னால் இருந்தவை சின்ன கம்பெனிகளா என்ன?

கணக்குப் பாடத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவார்கள். எழுதிய நிரலுக்கும் தேய்மானம் உண்டு. பல மாத உழைப்பு, அடியில் இருக்கும் கருவிப்பெட்டி நின்றவுடன் ஒரே நாளில் பூஜ்யமாகலாம். இலவசமாகக் கிடைத்தது என்பதால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. கற்றுக்கொள்ளும் நேரம், பிறகு மாற்ற வேண்டிவந்தால் ஆகும் நேரம், இரண்டும் முதலீடுதான்.

அதனால் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, நிலம் வாங்கும்முன் பத்திரம் பார்ப்பதுபோல் உரிமத்தைப் படிப்பது. இரண்டு, விரல்களைக் கவனிக்கும் பகுதியையும் செயலியின் சொந்தக் கணக்குகளையும் தனித்தனியாக எழுதுவது. நாளைக்குக் கருவிப்பெட்டி போனாலும் பாதியாவது மிஞ்சும். மூன்று, ஒரு சின்ன மாதிரி செய்து, ஓடப்போகும் அதே திரையில் நாலு பேரைத் தொடச்சொல்லிப் பார்ப்பது. கூடவே "கொக்கு" என்று எழுதிப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழாவிட்டால், தமிழ்ச் செயலிக்கு அது ஆகாது.

மேசை ஒன்று, ஆட்கள் நாலு என்றால் கிவியும் க்யூட்டியும் முதலில் பார்க்க வேண்டியவை. போனில் ஒருவர் மட்டும் தொடுவதென்றால் ஃப்ளட்டர். எதையும் நிறுவாமல் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டுமென்றால் பிரவுசரே போதும்.