குழிவுக் கத்தியும் ஆப்புக் கத்தியும்

க்ஷவரக் கத்தி வாங்கப் புகுகிறவர்கள் முதலில் பார்ப்பது பிடியை. தந்தமா, கொம்பா, வெறும் பிளாஸ்டிக்கா என்று புரட்டிப் பார்ப்பார்கள். அடுத்தபடியாக, இரும்பின்மேல் பொறித்திருக்கும் ஊர்ப் பெயரைப் படிப்பார்கள். ஷெஃபீல்டு என்றிருந்தால் ஒரு மரியாதை; ஸோலிங்கன் என்றிருந்தால் இன்னும் கொஞ்சம் அதிக மரியாதை. கத்தியை நுனிப்பக்கமாகத் திருப்பி, முதுகிலிருந்து வாய்வரையில் அது எந்த உருவத்தில் இறங்குகிறது என்று பார்ப்பவரை நாம் அதிகமாகக் கண்டதில்லை. முகத்துக்குச் சுகம் தருவதும், தீட்டுகிறவருடைய பிராணனை வாங்குவதும் அந்த உருவந்தான்.

மடக்குக் கத்தியின் முதுகு தடித்து, அங்கிருந்து வாய்வரையில் இரு கன்னங்களும் நேராக இறங்கினால் அது ஆப்பு. விறகு பிளக்கும் ஆப்பின் வடிவமேதான். அந்தக் கன்னங்களைச் சுழலும் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் குடைந்தெடுத்தால் குழிவுக் கத்தி ஆகும். சிறிது குடைந்தால் கால் குழிவு. மேலும் குடைந்தால் அரைக் குழிவு. வாய்ப்பக்கம் காகிதம்போல மெலியும் வரையில் குடைந்தால் முழுக் குழிவு. பெரிய சக்கரம் ஆழமில்லாத குழியையும், சிறிய சக்கரம் ஆழ்ந்த குழியையும் உண்டாக்கும். முழுக் குழிவுக் கத்தியின் வாயைக் கட்டைவிரல் நகத்தால் இலேசாகத் தடவினால், தம்பூர்த் தந்தியைத் தொட்டாற்போல ரீங்காரம் கேட்கும். ஆப்போ வாய் திறவாத பெரிய மனிதர்.

நம் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆப்பு, பாட்டனார் காலத்து ஷெஃபீல்டுச் சரக்கு. முழுக் குழிவு, நாமே தேடி வாங்கிய ஸோலிங்கன் கத்தி. (ஸோலிங்கன் என்ற பெயரை அவ்வூருக்கு வெளியே செய்த கத்தியின்மேல் பொறிக்கக்கூடாதென்று ஜெர்மனியில் 1938-இல் சட்டமே செய்துவிட்டார்கள். பெயரைக் காப்பதில் அவர்களுக்குள்ள கவலை நமக்கு இருந்திருந்தால் என்ன என்று பின்னால் சொல்லுவோம்.) மூன்று மாத காலம் ஒரு கன்னத்துக்கு ஒரு கத்தி, மறுநாள் கன்னம் மாற்றி என்று பரீட்சை செய்து பார்த்தோம். வீட்டிலுள்ளவர்கள் இதை அவ்வளவாக மெச்சவில்லை.

தினந்தோறும் க்ஷவரம் செய்துகொள்ளும் முகத்துக்கு முழுக் குழிவின் சுகமே தனி. கனமில்லாமையால் கத்தி முகத்தில் இருப்பதே தெரிவதில்லை. ஒவ்வொரு மயிர் அறுபடும் சத்தமும் காதில் விழுகிறது. சத்தம் மாறினால் கோணம் தவறுகிறது என்று உடனே திருத்திக்கொள்ளலாம். ஆனால் நான்கு நாள் தாடியை அதனிடம் கொடுத்தால் கதை வேறு. மெல்லிய வாய் வளைந்து, மயிரின்மேல் தத்தித் தத்திச் செல்கிறது. மோவாயருகே எரிச்சல் உண்டாகிறது. அங்கே ஆப்பு தன் பாரத்தினாலேயே அசையாமல் இறங்கிக் காரியத்தை முடித்துவிடுகிறது. பாரம் இருக்கிறதே என்று கையும் சேர்ந்து அழுத்தினாலோ, படிகாரத்தைத் தேட வேண்டியதுதான்.

எந்தக் கத்தியானாலும் முகத்தை நன்றாக நனைத்து ஊறவிட வேண்டும் என்று பழையவர்கள் சொல்லுவதில் அர்த்தம் இருக்கிறது. மயிர் எஃகைக் காட்டிலும் சுமார் 50 மடங்கு மிருதுவானது. ஆயினும் அதுவே எஃகின் வாயைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும் என்று அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் நுண்ணோக்கியின் கீழ் கண்டறிந்தார்கள். மயிர் வளைந்துகொடுக்கும் இடத்தில், எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாமற்போனால் அங்கே வாய் பெயர்ந்துவிடுகிறதாம். ஆகவே தீட்டுதல் என்னும் வேலைக்கு ஓய்வு கிடையாது.

அந்த வேலையில்தான் இரண்டு கத்திகளுக்கும் உள்ள பேதம் முழுவதும் வெளிப்படுகிறது. மடக்குக் கத்தியைக் கல்லில் தீட்டும்பொழுது முதுகும் வாயும் ஒருங்கே படிந்திருக்க வேண்டும். கோணத்தை நிர்ணயிப்பது கை அன்று, முதுகின் கனமே. பெரும்பாலும் 16, 17 டிகிரியில் அது அமைகிறது. முழுக் குழிவில் கல்லைத் தொடுவது முதுகின் மேடும் வாயோரத்து மெல்லிய கோடும் மாத்திரமே. தேய்க்க வேண்டிய இரும்பு அற்பமாகையால் சிறிது நேரத்தில் கூர் ஏறிவிடும். அழுத்தக்கூடாது, கத்தியின் பாரமே போதும். ஆப்பிலோ கன்னம் முழுவதும் கல்லில் படிகிறது. வாயில் ஓர் இழை தேய வேண்டுமானால் கன்னம் முழுதும் ஓர் இழை தேய்ந்தாக வேண்டும், மணிக்கட்டு கழன்றுவிடும். இந்தக் காலத்தில் இதற்கு ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் டேப்பை முதுகின்மேல் ஒரு சுற்று ஒட்டினால் முதுகு சற்றே உயர்ந்து, வாயோரம் மட்டும் கல்லில் படுகிறது. முதலில் இதைக் கேட்டபொழுது நமக்குச் சிரிப்பு வந்தது. செய்து பார்த்த பிறகு வரவில்லை.

நமக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தவர் கீழ்பென்னாத்தூரில் நாற்பது வருஷத்துக்கு மேல் தொழில் செய்த ஒரு பெரியவர். அவருடைய அடைப்பத்தில் இரண்டு கத்திகள், ஒரு கிண்ணி, தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த தோல்வார், துணியில் சுற்றிய கரிய தீட்டுக்கல் இவ்வளவுதான் இருந்தன. எது உயர்ந்தது என்று கேட்டோம்.

“தலைக்கு ஆப்பு, கன்னத்துக்குக் குழிவு. இதிலே ஒசத்தி என்ன, தாழ்த்தி என்ன, சார்?” என்றார்.

திருவண்ணாமலையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குத் தலைக்கென்று ஒரு கத்தி வேண்டியிருப்பதை விளக்க வேண்டுவதில்லை. 1896 செப்டம்பர் 1-ந் தேதி அங்கே வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை, பின்னாளில் ரமண மகரிஷி, அன்றே அய்யங்குளக் கரையில் முடி களைந்துகொண்டார். அடர்ந்து நனைந்த தலைமயிரின்முன் மெல்லிய வாய் தயங்கும், ஆப்புக்குத் தயக்கமில்லை.

பெரியவர் தோல்வாரில் கத்தியைத் தீட்டும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வரும். கோடியில் திருப்பும்பொழுது முதுகின்மேலேயே திருப்புவார். வாயின்மேல் திருப்பினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. ஆனால் அவருடைய மகனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்ளும் கத்திதான் இப்பொழுது எல்லாக் கடைகளிலும். எய்ட்ஸ் நோயின் கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. ஒருவர் இரத்தம் பட்ட கத்தி மற்றொருவர் முகத்தில் படலாகாது என்ற எச்சரிக்கை அதன்பின் ஊருக்கு ஊர் பரவியது. ஆளுக்கொரு புதிய பிளேடு என்பது நல்ல மாறுதலே. அதைக் குறை கூறுவது பாவம். ஆகவே தீட்டும் கலை இனிப் பிழைப்பதானால், சொந்த முகத்துக்குச் சொந்தக் கத்தி என்று வைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் பிழைக்க வேண்டும்.

தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொள்வதில் வேறொரு நியாயமும் உண்டு. பிரிட்டோரியாவில் ஆங்கிலேய நாவிதர் ஒருவர் தமக்கு முடிவெட்ட மறுத்தபொழுது, காந்திஜி கத்தரி ஒன்றை வாங்கிவந்து கண்ணாடியின்முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் அலங்கோலமாகிக் கோர்ட்டில் நண்பர்கள் நகைத்தார்கள். அந்த நாவிதரை அவர் நொந்துகொள்ளவில்லை. நம் தேசத்தில் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நம்முடைய நாவிதர்களை நாம் க்ஷவரம் செய்ய விடுகிறோமா என்று தம் சுயசரிதையில் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார். அந்த வழக்கம் இன்றும் சில கிராமங்களில் முற்றும் ஒழியவில்லை. பெரியவரும் இளமையில் ஊரார் விதித்த அந்தக் கட்டுக்கு உட்பட்டவரே. “கத்திக்குத் தெரியுமா சார் ஜாதி?” என்று ஒருநாள் கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

ஷெஃபீல்டுக்கு வருவோம். திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. அதற்குத் தெற்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மேல்சிறுவலூரில், மூசையில் வைத்து உயர்ந்த எஃகை உருக்கிய பழைய உலைக்களத்தின் தடயங்களை டாக்டர் சாரதா சீனிவாசன் கண்டுபிடித்து 1994-இல் வெளியிட்டார். இவ்வகை எஃகைத்தான் ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து ‘உக்கு’, நம்முடைய ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு அதற்கு உறவு சொல்லுவர். 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் லண்டன் ராயல் சொஸைட்டியில் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடர்ட், ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் இதுவே மேல் என்று தம் விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து இதன் இரகசியத்தை அறிய எஃகுக் கலவைகள் பல செய்து, 1820-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவ்வெஃகில் செய்த க்ஷவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. எஃகுக்கு நாம் அவர்களிடம் கடன்பட்டதில்லை. அவர்களிடம் இருந்தது சக்கரம். கன்னத்தைக் குடையும் சாணைச் சக்கரமும், அதை மயிரிழை பிசகாமல் பிடிக்கும் கையும், பெயரைக் காத்துக்கொள்ளும் சாமர்த்தியமும்.

கத்தி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நமது அபிப்பிராயம்: அரைக் குழிவே நலம். தத்துவதும் குறைவு, தீட்டும் சிரமமும் குறைவு. அகலம் எட்டில் ஐந்து அல்லது எட்டில் ஆறு அங்குலம் இருக்கட்டும். வேலை முடிந்ததும் துணியால் ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறிவிடும். மழைக்காலத்தில் ஒரே இரவு போதும்.

பெரியவருக்கு இப்பொழுது கண் மங்கிவிட்டது. சென்ற வருஷம் தீட்டுக்கல்லை நம்மிடம் கொடுத்துவிட்டார். விலை சொல்லக் கேட்டதற்கு, மாதம் ஒருமுறை தம் பழைய கத்திகள் இரண்டையும் தீட்டிக் கொடுத்தால் போதும் என்றார். யாருக்கு அந்தக் கத்திகளை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை. தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்து, “நுனியிலே இன்னும் பத்துத் தடவை போகணும், சார்” என்று திருப்பிக் கொடுக்கிறார்.