பேலியோ காரும் பதினாறாம் பிரிவும்

வழக்குப் பொருள் ஒரு சாக்குப்பைக்குள் வந்தது. நான்கு குழாய்கள் வளைந்து நெளிந்து ஒரே வாயில் போய்ச் சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கார் பைத்தியம் உள்ளவர்கள் இதை ‘ஹெட்டர்’ என்பார்கள். நான்கும் சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாக, நகம் மாட்டிக்கொள்ளும் அகலத்தில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிலும் கரி. புகை எந்த வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என் கட்சிக்காரர் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தார். அவரிடம் இருந்தது பழைய ஃபியட் பேலியோ 1.6. கொள்ளளவு 1,596 சிசி, சக்தி 100 குதிரைத்திறன். 2000களின் தொடக்கத்தில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய சின்னக் கார்களில் அப்படிப்பட்ட என்ஜின் அபூர்வம். அதனால்தான் இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்கிப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவையில் இந்த ஆசைக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்து ரேஸ் ட்ராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

2021-இல் அவர் பெர்ஃபார்மன்ஸ் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடையை வாட்ஸ்அப்பில் அணுகினார். அந்த உரையாடல்தான் வழக்கின் உயிர். அவர் எழுதியது இது: “அண்ணா, ட்ராக்குக்கு இல்லீங்க. தினம் ஆபீஸ் போறது, மாசத்துல ஒருக்கா ரெண்டுக்கா வால்பாறை. செகண்ட் கியர்ல நல்லா இழுக்கணும். எந்த ஹெட்டர் போடலாம்னு நீங்களே சொல்லுங்க.” கடைக்காரர் பதில்: “ஃபோர்-டு-ஒன் போடுங்க தம்பி. நானே செஞ்சு தர்றேன். கண்ண மூடிட்டு எடுத்துக்கங்க, என் பொறுப்பு.”

இந்த இரண்டு செய்திகளையும் படித்ததும் எனக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு நினைவுக்கு வந்தது. வாங்குகிறவர் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால், எந்தக் காரியத்துக்கு வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், அந்தச் சரக்கை விற்பதே அவர் தொழிலாகவும் இருந்தால், சரக்கு அந்தக் காரியத்துக்குத் தகுந்ததாக இருந்தாக வேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் அது ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. தொண்ணூறு ஆண்டு கடந்த இந்தப் பிரிவைச் சட்டக் கல்லூரியில் படித்ததோடு பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது இந்தச் சட்டத்திலேயே மிக மனிதத்தன்மையுள்ள பிரிவாகத் தோன்றும். தெரிந்தவரை நம்பி வாங்கும் தெரியாதவருக்கு அது துணை நிற்கிறது.

சரி, கடைக்காரர் தேர்ந்தெடுத்தது தகுந்த பொருளா? இதை வழக்கு நடந்த நுகர்வோர் ஆணையத்துக்கு விளங்கவைப்பதுதான் பெரிய வேலை. அதற்கு முதலில் நான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பொறியியல் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மாலை வேளைகளில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் வெடிப்பு வரிசை 1-3-4-2. புகை ஒரே ஓட்டமாக வெளியே வராது. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறையில் ஓர் அழுத்த அலையைத் தள்ளும். குழாய்கள் சேரும் இடத்தை அது அடைந்ததும், உறிஞ்சும் அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்பி வரும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால், உள்ளே தங்கிய புகையை இழுத்துக்கொண்டு போய்விடும். புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். எந்த ஆர்பிஎம்மில் அப்படிப் பொருந்தும் என்பதைக் குழாயின் நீளம், விட்டம், சேரும் விதம் மூன்றும் முடிவு செய்கின்றன. ஃபோர்-டு-ஒன் ஹெட்டரில் நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும். பொதுவாக உச்ச ஆர்பிஎம்மில் அதன் பலன் தெரியும். கீழே இழுவை குறையும். ஃபோர்-டு-டூ-டு-ஒன்னில் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடியில் உள்ள இரண்டும் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றும் இடைவெளியில் வெடிப்பதால் ஒன்றின் அலை மற்றதைக் கெடுக்காது. நடு ஆர்பிஎம்மில் டார்க் கூடும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் செத்துப்போன காரை மறுபடி எடுக்க வேண்டியது கீழ் ஆர்பிஎம்மில்தான். ட்ராக்கில் ஓட்டுகிறவருக்கு அந்த ஃபோர்-டு-ஒன் சரியாகவே இருந்திருக்கலாம். என் கட்சிக்காரர் கேட்டது அதுவல்ல.

எதிர்தரப்பினர் மூன்று வாதங்களை வைத்தார்கள். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது என்பது முதலாவது. அதற்கு அதிக நேரம் செலவாகவில்லை. குறையுள்ள பொருளை அந்த வரி காப்பாற்றாது.

இரண்டாவது, அவர்தான் இந்த ஹெட்டரைக் கேட்டு வாங்கினார் என்பது. இதில் கொஞ்சம் வலு உண்டு. ஒரு வணிகப் பெயரைச் சொல்லி ‘இதுதான் வேண்டும்’ என்று கேட்டு வாங்கியிருந்தால் 16-ஆம் பிரிவின் விலக்கே குறுக்கே நின்றிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் இருந்தது ‘நீங்களே சொல்லுங்க’ என்ற வேண்டுகோள். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் கறாராகப் பார்க்கப்படாது என்றாலும், மின்னணுப் பதிவுகளுக்கு அப்போது நடப்பில் இருந்த 65பி சான்றிதழோடு அந்தச் செய்திகளைச் சான்றாவணமாகக் குறியிட்டோம்.

மூன்றாவது வாதம்தான் என்னை விழித்திருக்க வைத்தது. கம்பெனி கொடுத்த மேனிஃபோல்டை மாற்றுவதே மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம், சட்டவிரோதக் காரியத்துக்கு வாங்கிய பொருளுக்கு நிவாரணம் கேட்கலாமா என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் எடுத்து வைத்தார். அந்தத் தீர்ப்பையும் 52-ஆம் பிரிவையும் வரி வரியாகப் படித்தேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்பதுதான் தடை. சிசி மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை, என்ஜின் எண் மாறவில்லை. மாசு, சத்தம் சம்பந்தமான விதிகள் தனி. அங்கே என் கட்சிக்காரரின் ஒரு நல்ல முடிவு கைகொடுத்தது. ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிடலாம் தம்பி, சத்தம் அருமையா வரும்’ என்று கடையில் சொன்னபோது அவர் மறுத்திருந்தார். ஹெட்டர் மாட்டிய பிறகு எடுத்த புகைச் சான்றிதழும் செல்லுபடியாக இருந்தது. கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால் இந்த வழக்கை வேறு மாதிரிதான் நடத்தியிருக்க வேண்டும், அல்லது நடத்தாமலே விட்டிருக்க வேண்டும். ஊர் சுவாசிக்கிற காற்றைப் பாழாக்கிவிட்டு நுகர்வோர் உரிமை பேச எனக்கு வாய் வராது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பக் கோரினோம். ஆணையம் முத்திரையிட்டு அனுப்பியது. பில்லில் எழுதியபடி அது உண்மையிலேயே 304 ரக ஸ்டீல்தான் என்று அறிக்கை சொன்னது. அதில் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அதை நானே வாதத்தில் ஒப்புக்கொண்டேன். கோளாறு மற்ற இடங்களில் இருந்தது. 304 ஸ்டீல் சூட்டில் சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும். அரை மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒரு முனை என்ஜினில் போல்ட் போட்டு இறுகியிருக்கிறது. மறுமுனைக்கு அசைய இடம் வேண்டும். அதற்காகத்தான் நடுவில் நெளியும் ஃப்ளெக்ஸ் பைப் வைப்பது. இந்தக் கடையில் அதை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாயாக வெல்டு செய்திருந்தார்கள். கிளட்சை விடும்போதெல்லாம் என்ஜின் மவுண்டில் ஆடும் ஆட்டம் முழுவதும் அந்தச் சேர்க்கையில் போய் இறங்கியது. போதாததற்கு, வெல்டு செய்யும்போது குழாயின் உள்பக்கம் ஆர்கான் வாயு செலுத்தவில்லை. உள்ளே வெல்டின் முதுகு சர்க்கரை உறைந்ததுபோல் கறுத்துச் சொரசொரத்திருந்தது. ஃபிளேஞ்சும் மெலிசு. மட்டமான தளத்தில் வைத்தபோது ஃபீலர் கேஜ் தகடு அடியில் தாராளமாக நுழைந்ததாக அறிக்கையில் அளவோடு இருந்தது.

ஆணையம் ஹெட்டரின் விலையையும் மாட்டிய கூலியையும் வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சிறு தொகை ஒன்றும் கிடைத்தது. புகைக் கசிவால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியது என்று கேட்ட தொகையை மறுத்துவிட்டது. கருகிய வால்வை மெக்கானிக் எடைக்குப் போட்டுவிட்டிருந்தார். பார்க்க எதுவும் இல்லை. அந்த மறுப்பு சரியானது என்றே நினைக்கிறேன். கையில் இல்லாத பொருளை வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது.

கடைக்காரர் மேல்முறையீடு போகவில்லை. கெடுவுக்குள் வரைவோலை வந்தது. உத்தரவுப்படி உடைந்த ஹெட்டரையும் அவரிடமே ஒப்படைத்தோம். என் கட்சிக்காரர் பிறகு வேறொரு பட்டறையில் ஃபோர்-டு-டூ-டு-ஒன் செய்துகொண்டார். பில் போடும் முன் அதில் நான்கு விஷயங்களை எழுதித் தரச் சொன்னாராம்: நகர ஓட்டமும் மலைப்பாதையும், கன்வெர்ட்டர் உண்டு, ஃப்ளெக்ஸ் பைப் உண்டு, தேர்வு பட்டறையுடையது. அந்தப் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.