சிப்பிக்குச் சோறு போடுகிறவர் யார்?

தக்கலைச் சந்தையில் சிப்பி வாங்குவதற்கு அநுபவம் வேண்டும். ஓட்டின் பருமனைக் கண்டு மயங்கலாகாது. சென்ற வருஷம் நாம் மயங்கினோம். வீட்டுக்கு வந்து வேகவைத்துத் திறந்தால், பெரிய ஓட்டுக்குள் சதை சுண்டுவிரல் நகத்தளவே இருந்தது. அன்று வீட்டிலுள்ளோர் நம்மைப் பார்த்த பார்வையை வர்ணிக்காமல் விடுவதே உத்தமம்.

மறுவாரம் விற்ற அம்மாளிடம் முறையிட்டோம். அவள் கொஞ்சமும் அசையவில்லை. "நான் என்ன செய்ய ஐயா? கடல் தீனி குடுத்தாத்தானே சிப்பி சதை வைக்கும்?" என்றாள்.

இந்தப் பதில் நம்மைக் கடியப்பட்டணம் வரையில் இழுத்துச் சென்றது. அங்கே பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "தண்ணி ரொம்பத் தெளிஞ்சு கிடந்தா சிப்பி மெலிஞ்சுதான் இருக்கும். கடல் பச்சை பிடிச்சாத்தான் கொழுக்கும்" என்றார் அவர். தெளிந்த நீரே நல்ல நீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது புதுமையாக இருந்தது.

ஆனால் சாஸ்திரமும் அதையேதான் சொல்லுகிறது. மலையாளத்தார் கல்லுமேக்காய் என்று அழைக்கும் இந்தச் சிப்பி, பட்டுநூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. இரை தேடி எங்கும் போவதில்லை. மணிக்குச் சில லிட்டர் நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்கிறது. அந்தப் பாசிக்கோ நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்புக்கள்தாம் உரம். உரத்தின் பெரும்பகுதி இருண்ட ஆழத்தில் கிடக்கிறது. பாசிக்கு வேண்டிய சூரிய வெளிச்சமோ மேலே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது யார்?

தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். அது நம் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும்போது, பூமி சுழல்வதன் பயனாக மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் உரத்தோடு எழும்பி வருகிறது. கடல் பச்சை பிடிக்கிறது. ஸ்பெயின் தேசத்தின் கலீசியாக் கரையிலும் இவ்விதமே அடிநீர் எழும்புகிறது. அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட மிதவைகளில் சிப்பி வளர்க்கிறார்கள் என்றால் அதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமலில்லை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே விழிஞ்ஞத்தில் மிதவை கட்டிப் பழுப்புச் சிப்பி வளர்த்துப் பார்த்தார்கள். குஞ்சுச் சிப்பிகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மெல்லிய பருத்தி வலைத் துணியால் கட்டித் தொங்கவிட வேண்டும். சில நாளில் துணி மக்கிப்போகும். அதற்குள் சிப்பி கயிற்றைப் பற்றிக்கொள்ளும். பாறையில் வளர்வதைவிடக் கயிற்றில் வளர்வது வேகம். ஏனெனில் நாற்புறமும் நீர் ஓடுகிறது.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கயிறுகளை நெருக்கிக் கட்டினால், ஓரத்துச் சிப்பிகள் உண்டு கழித்த வெறும் நீரே நடுவிலிருப்பவற்றுக்குக் கிடைக்கும். பந்தியில் கடைசி இலைக்கு வந்த சாம்பார்தான்! நீரோட்டம் மந்தமானால் கழிவும் கீழே குவிந்து அழுகும். ஓட்டம் மிஞ்சினாலோ சிப்பி கயிற்றிலிருந்து உதிர்ந்துவிடும். காசர்கோடு ஜில்லாப் படன்னைக் கழிமுகத்தில் சிப்பி வளர்ப்போர் பருவமழைக்கு முன்பே அறுவடையை முடித்துவிடுகிறார்கள். மழைவெள்ளம் வந்து உப்பு குறைந்தால் சிப்பி மாண்டுபோகும்.

அப்படியானால் உரம் எவ்வளவு மிகுந்தாலும் நல்லதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் கடலில் விளையும் பாசியெல்லாம் நல்ல பாசியல்ல. 1997-ல் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டவர்களில் 7 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். விஷப்பாசியை உண்டிருந்த சிப்பியினால் வந்த விபத்து அது. அடுப்பில் எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் அடங்குவதில்லை. நீரில் உள்ளதைச் சிப்பி பொறுக்கிச் சேர்க்கிறது; சாக்கடைக் கிருமியையும் அப்படியே சேர்க்கிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு கடியப்பட்டணத்தில் நின்றபோது, பக்கத்தில் வள்ளியாறு கடலில் கலந்துகொண்டிருந்தது. வேளிமலையில் பிறந்து, நம் கல்குளம் தாலூகாவின் வயல்களையும் ஊர்களையும் கடந்து வரும் ஆறு. வயலில் மிஞ்சிய ரசாயன உரம், ஊர்க் கழிவுநீர், சந்தைக் குப்பை எல்லாம் அதற்குத் தெரியும். நம் வீட்டுப் புறக்கடைக் கால்வாயும் எங்கோ ஓர் ஓடையில்தான் போய்ச் சேருகிறது. அது எங்கே போகிறதென்று இத்தனை வருஷமாக நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. மெலிந்த சிப்பிக்காக அந்த அம்மாளிடம் சண்டைக்குப் போனதை நினைத்து வெட்கப்பட்டோம்.

பருவக்காற்று தன் பங்கை வருஷந்தோறும் தவறாமல் பரிமாறுகிறது. மற்றொரு கரண்டி நம் கையில் இருக்கிறது. நாம் எதைப் பரிமாறுகிறோமோ அதைச் சிப்பி உண்ணும். சிப்பி உண்டதை நம் குழந்தைகள் உண்பார்கள். மூச்சை அடக்கிப் பாறையடியில் மூழ்கும் அந்தப் பெரியவரின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. திரும்பி வந்த அன்றே கடப்பாரையும் கையுமாகப் புறக்கடைக்குப் போனோம். கால்வாயை அடைத்து, கழிவுநீரை வாழைப்பாத்திக்குத் திருப்பிவிட்டோம். வாழை இப்போது நன்றாக இருக்கிறது.